மதிநுட்ப மாணாக்கரும் மடத்துக் கல்வியும்

மதிநுட்பம் மிக்க பிள்ளை ஓர் இல்லத்திற் பிறந்தால் அப்பிள்ளையின் அறிவு யாருக்கு உரியது? பெற்றோருக்கு உரியது என்பது உலக வழக்கு. கற்பித்த ஆசிரியனுக்கும் அதிற் கூறு உண்டென்பர் நன்றியறிவுடையோர். ஊரும் நாடும் அதிற் பங்கு கேட்குமாயின், அப்பங்கு எத்துணையது, எவ்வழியாற் பெறப்படுவது என்னும் வினா எழும். அவ்வினாவுக்குத் தமிழகத்துச் சைவ மடங்களின் வரலாறு ஒரு விடை கூறுகின்றது. அவ்விடை முற்றும் குற்றமற்றதென்று யாம் சொல்லத் துணியோம், ஆயினும் ஆராயத்தக்கது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் விளங்கிய மூவர் வரலாற்றைக் கொண்டு அதனை ஈண்டுக் காண்பாம்.

முதற்கண் ஒன்று சொல்லி வைத்தல் வேண்டும். இளமையில் நிறைந்த அறிவு என்றவுடன் சைவ அன்பர்களுக்கு ஆளுடைய பிள்ளையாரும், திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்ட தேவரும் நினைவுக்கு வருதல் இயல்பு. குலகுருவாகிய சகலாகம பண்டிதர் அக்குழந்தை ஆசாரியரிடம் வந்து அருணந்தி சிவாசாரியராகிய வரலாறு நம் சந்தான மரபின் வாயில். அவையெல்லாம் திருவருட் பேறுகள், ஓதாதுணர்ந்த நிலைகள். கல்விமுறை பற்றிய ஆராய்ச்சிக்கு அவற்றை அளவையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஓதி உணர்ந்தவர்கள், பசித்தவர்கள், ஆசிரியனைத் தேடி நடந்தவர்கள் ஆகியோர் வரலாறே ஈண்டு வேண்டுவது.

இனி, இம்மரபிற்கு இலக்கணமாய் நின்ற நூல் எது எனின், நன்னூற் பொதுப்பாயிரமே என்க. பவணந்தி முனிவர் அதில் மாணாக்கரை மூவகையாக்கி, அன்னமும் ஆவும் போல்வாரைத் தலைமாணாக்கர் என்றும், மண்ணும் கிளியும் போல்வாரை இடைமாணாக்கர் என்றும், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வாரைக் கடைமாணாக்கர் என்றும் வகுத்தமை யாவரும் அறிந்ததே. பெரும்பாலோர் கருதாது விடுவது வேறோர் இடம். நூல் கொள்ளுதற்கு உரியர் இவர் என அவர் வரிசைப்படுத்துமிடத்து, தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்போன், வழிபடுவோன் என்று ஐவரைச் சொல்லி, ஆறாமவனாக உரைத்ததை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோனையும் சேர்த்துள்ளார். பிறப்பும் பொருளும் இல்லாதவனுக்கும் அறிவு ஒன்றே வாயிலாகும் என்பது இதனாற் பெறப்படும். கடைசியில் வைத்தமையால் அவனை இழித்தார் எனக் கொள்ளற்க. முற்கூறிய ஐவருக்கும் வேறு பற்றுக்கோடு உண்டு. இவனுக்குத் தன் அறிவேயன்றிப் பிறிதில்லை.

இன்னும் ஒரு கணக்கும் அவர் தருகின்றார். ஆசான் உரைத்ததை அமைவரக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன்பயிலும் மாணாக்கரொடு உசாவுதலால் வருவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறும் பிறர்க்குச் செவ்விதின் உரைக்குமிடத்தே நிரம்பும். இக்கணக்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிறர்க்குரைத்தல் கல்வி முற்றியபின் செய்யும் கொடையாகவோ அறமாகவோ ஈண்டு வைக்கப்படவில்லை. அது கல்வியின் பாதி. உரையாதவன் கல்வி அரைகுறைக் கல்வியே ஆம். எத்துணை மதிநுட்பமுடையவனாயினும் தனித்திருந்து கற்பவன் முக்காலைக்கூட எட்டான். பிற்கால மடங்களில் மாணாக்கரை ஒருங்கு வைத்து, மூத்தார் இளையார்க்குப் பாடஞ் சொல்லும் முறை நிலைபெற்றது இக்கருத்திற்கு முற்றும் இயைந்ததே.

இக்கணக்கிற்கு நிறைந்த எடுத்துக்காட்டு மாதவச் சிவஞான யோகிகள். பொதிய மலைச்சாரலில் விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக்கூத்தர்க்கும் மயிலம்மையார்க்கும் பிறந்து, முக்களாலிங்கர் என்னும் பிள்ளைப்பெயர் பூண்டிருந்தவர் அவர். ஐந்தாம் அகவையிற் பள்ளி சென்று மீளும் வழியில் திருவாவடுதுறைத் தம்பிரான்மாரைக் கண்டு வணங்கித் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று அமுது செய்விக்க, அன்னையார் உபசரித்த மாண்பினைப் பிள்ளையார் ஒரு வெண்பாவாற் பாடினர் என்ப. துறவியர் வியந்து, பெற்றோர் இசைவு பெற்று அவரை உடன் கொண்டு சென்றனர். வேலப்ப தேசிகர் தீக்கை செய்து ஆட்கொண்டனர். வரலாறு கூறுவோர் வெண்பாவையே விரித்துரைப்பர். எமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது, வழிநடந்த அத்துறவியர் ஐந்து வயதுக் குழந்தையின் சொல்லைச் செவிமடுத்து நின்றமையே. நெல்லையிலும் தஞ்சையிலும் ஆதீனத்துக்குக் கிளைமடங்களும் நிலங்களும் பரவியிருந்தமையால் தம்பிரான்மார் ஓயாது வழிநடந்தனர். அங்ஙனம் நடந்தோர் ஊர்தோறும் அறிவுடைப் பிள்ளைகளைக் கண்டறியும் கண்களாகவும் விளங்கினர். நிலக்கணக்கு நோக்கப் போந்தவர் நிதியொன்று கொணர்ந்தனர் என்னலாம்.

அப்பிள்ளை திருப்பிக் கொடுத்தது சிறிதோ? சிவஞானபோதத்திற்குச் சிற்றுரையும், மாபாடியம் என்னும் பேருரையும் அவர் அருளியவை. வடமொழித் தருக்க சங்கிரகத்தையும் அதன் உரையாகிய அன்னம்பட்டீயத்தையும் தமிழாக்கினர். தொல்காப்பியச் சூத்திர விருத்தி எழுதினர். காஞ்சிப் புராணத்தின் முதற் காண்டம் அவர் வாக்கு. இரண்டாங் காண்டம் அவர் மாணாக்கராகிய கச்சியப்ப முனிவர் வாக்கு. ஒரு நூலின் முற்பாதி ஆசிரியரதும் பிற்பாதி மாணாக்கரதுமாய் அமைந்தமை தற்செயலாயினும் பவணந்தியார் கணக்கிற்கு ஒரு சான்று போலும். சங்கரநமச்சிவாயர் நன்னூலுக்கு எழுதிய விருத்தியுரையைத் திருத்தி விளக்கினாரும் இவரே. தணிகைப் புராணம் பாடிய கச்சியப்பர் முதலாகப் பன்னிரு மாணாக்கர் அவர்க்கு இருந்தனர் என்பர். 1785-ஆம் ஆண்டு அவர் சிவபரிபூரணம் எய்தினர்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. மாபாடியம் ஆதீனத்து ஏட்டறையிலே நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது. மடத்திற்குள்ளும் தக்காரெனத் தேர்ந்தோர்க்கே அது கிடைத்தது. அச்சில் முழுமையாக வெளிவந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். பக்குவமில்லாதார் கையிற் படலாகாதென்னும் அச்சம் காரணமாகலாம். அவ்வச்சத்திற்கும் ஒரு நியாயம் உண்டு. சாத்திரப் பொருளைப் பிறழ உணர்ந்தார் செய்த கேடுகளைச் சைவர் அறிவர். எனினும், ஐந்து வயதிற் கண்டெடுத்து, வாழ்நாளெல்லாம் ஊட்டி வளர்த்த அறிவின் தலைசிறந்த விளைவை நூற்றாண்டிற்கு மேலாகப் பூட்டி வைத்தல், களஞ்சியத்தில் நெல்லை நிரப்பிக் கதவடைத்தல் போல்வதேயன்றோ? மாணாக்கனுக்குப் பவணந்தியார் விதித்த அரைக்கூறு மடத்திற்கும் உரியதென்றே யாம் கருதுகின்றோம்.

சிவஞான யோகிகளை மடம் தேடிக்கொண்டது. அடுத்துச் சொல்லப்படுபவரை எவரும் தேடவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டு திரிசிரபுரத்தைச் சார்ந்த பகுதியிற் பிறந்தவர். தந்தையார் சிதம்பரம் பிள்ளை கிராமத்திற் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்துச் சீவித்தவர். அவரை இளமையிலேயே இழந்த பிள்ளையவர்கள், ஏடு வைத்திருப்பார் யாவர், பாடஞ் சொல்வார் யாவர் என்று வினவித் திரிந்து, ஒருவரிடம் ஒரு நூலும் மற்றொருவரிடம் ஒரு நூலுமாகக் கற்றனர். தண்டியலங்காரம் கற்கவேண்டிய காலத்து அதனை அறிந்தவர் பிச்சையேற்றுண்ணும் ஒரு பரதேசியே. அவர் எளிதிற் பாடஞ் சொல்பவரல்லர். பிள்ளையவர்கள் அவர் பிச்சைக்குச் செல்லும்போதெல்லாம் உடன் சென்று, குறிப்பறிந்து பணிசெய்து, சிறிது சிறிதாக அந்நூலைக் கற்றுக்கொண்டனர். சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் முதலியோரிடமும் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டனர்.

இங்ஙனம் கல்விக்காக அலைந்தவர் பின்னாளில் எவ்வாறு ஒழுகுவர்? யாம் பட்ட துன்பத்தை இவனும் படட்டும் என்பார் ஒரு சாரார். எம் துன்பம் எம்மோடு ஒழிக என்பார் மற்றொரு சாரார். பிள்ளையவர்கள் இரண்டாம் சாராரில் முதல்வர். பாடங் கேட்க வந்தாரை மறுத்தறியார்; பொருள் கேட்டறியார்; உண்ண வழியில்லாதார்க்கு உணவும் அளித்தனர். கையிற் பொருள் வந்தபொழுது செலவிட்டு, இல்லாதபொழுது கடன் வாங்கி, கடனோடேயே வாழ்நாளைக் கழித்தனர். மாயூரத்தில் அவர் இல்லம் இலவசக் கல்விச்சாலையாகவே இருந்தது. மாணாக்கரிற் சைவ வேளாளரும் அந்தணரும் தம்பிரான்மாரும் இருந்ததனோடு, புதுச்சேரியைச் சார்ந்த சவராயலு நாயகர் என்னும் கிறித்தவரும், நாகூர்க் குலாம்காதிறு நாவலர் என்னும் முகம்மதியரும் இருந்தனர். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியவர், சைவ ஒழுக்கத்திற் சிறிதும் வழுவாதவர். அவர்தாம் இவர்களையும் மடியிலிருத்தினாற்போல் வளர்த்தனர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவர்க்கு உற்ற நண்பர், அவரும் கிறித்தவரே. இவற்றை எல்லாம் சமரசம் என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுதல் தகாது. கொள்ளும் ஆற்றலுடையோனுக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்ற கடப்பாட்டுணர்ச்சி அவரிடம் எல்லாவற்றினும் மேம்பட்டு நின்றது என்பதே உண்மை.

அவர் பாடஞ் சொல்லும் முறை ஈண்டுக் குறிக்கத்தக்கது. புராணம் பாடும்பொழுது செய்யுட்களைத் தாம் வாயாற் சொல்லிக்கொண்டே செல்வர். மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுதுவர். எழுதுபவர் அவ்வாறே யாப்பின் ஓட்டத்தையும் சொல்லாட்சியையும் கைவழியாகக் கற்றனர். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கலம்பகங்களும் வரிசையாக நடந்தன. இலக்கணம் முதலில் வரவில்லை; செய்யுளில் உள்ளம் தோய்ந்த பின்னரே நன்னூல் நடந்தது. இந்நாள் கல்வி வல்லுநர் நீளச் சொல்லும் பல கொள்கைகளை அவர் ஏட்டிற்கும் எழுத்தாணிக்கும் இடையே செய்து காட்டினர்.

அவரிடம் 1871-ஆம் ஆண்டு வந்து சேர்ந்தவர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் குமாரர் வேங்கடராமன். பிள்ளையவர்கள் இட்ட வண்ணம் சாமிநாதன் எனப் பின்னர் உலகம் அறிந்த பெயர் அவர்க்கு வழங்கலாயிற்று. 1855-இல் பிறந்தவர், தந்தையார் சங்கீத வித்துவான். தந்தையின் வழியே சங்கீதத்திற் செல்லவேண்டிய பிள்ளைக்குத் தமிழ்ப் பித்துப் பிடித்தது. வேங்கடசுப்பையர் செய்த செயல் வியத்தற்குரியது. அரியலூர், குன்னம், காரை முதலிய ஊர்களுக்கெல்லாம் குடும்பத்தோடு குடிபெயர்ந்து, எங்கெங்குத் தமிழ் சொல்வார் உளரோ அங்கங்கெல்லாம் மகனை அமர்த்தினர். பிள்ளை உழைத்துப் பொருளீட்டித் தரும் என்று தந்தையர் எதிர்நோக்கும் வயதில், பிள்ளையின் கல்விக்காகத் தம் பிழைப்பையே இடம்பெயர்த்த தந்தையர் மிகச் சிலரே.

மாயூரத்தில் பிள்ளையவர்கள் முதலில் தயங்கினர். பாடங் கேட்க வருவோர் சில காலம் கேட்டபின் போய்விடுகின்றனர் என்பதே அவர் குறை. தம் மகன் அவ்வாறு இடையில் விட்டுப் போகமாட்டான் எனத் தந்தையார் உறுதி கூறினர். அவ்வுறுதி பொய்க்கவில்லை. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல்நாள் திருவாவடுதுறையிற் பிள்ளையவர்கள் உயிர் நீங்குங்கால் திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படித்துக்கொண்டு அருகிருந்தவர் அம்மாணாக்கரே.

ஆசிரியர் மறைந்தபின் ஏழை மாணாக்கன் நிலை யாதாகும்? பல இடங்களில் கல்வி அங்கேயே நின்றுவிடும். ஈண்டு நிற்கவில்லை, காரணம் மடம். ஆதீனத் தலைவராகிய மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதையரை உடனிருத்தித் தாமே பாடஞ் சொல்லினர். இருக்க வீடும் அமைத்தனர். இளைய மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும் பணியையும் அளித்தனர். ஒருவர் மறைவினால் அறாத தொடர்ச்சியே ஒரு நிலையத்தின் பெருமை. தனியொருவர் எத்துணை வள்ளலாயினும் அவர் ஆயுளே அக்கொடைக்கு எல்லை. பிள்ளையவர்களின் வள்ளன்மையும் ஆதீனத்தின் நிலைபேறும் ஒன்றையொன்று தாங்கியமையாலேயே இம்மாணாக்கர் நமக்குக் கிடைத்தனர்.

1880-ஆம் ஆண்டில் ஒரு சோதனை நேர்ந்தது. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறக் கருதினர். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. தம் இடத்திற்குச் சாமிநாதையரையே அமர்த்தவேண்டுமெனத் தேசிகரிடம் வந்து வேண்டினர். தேசிகர்க்கோ பிரிய மனமில்லை. பல்லாண்டு ஊட்டி வளர்த்த மாணாக்கர். மடத்தின் கல்வியை நடத்துதற்கு இனி இவரே எனக் கருதியிருந்த காலம். கொடுத்தால் மடத்திற்கு இழப்பு. கொடாவிடின் நாட்டிற்கு இழப்பு. தேசிகர் ஈற்றில் இசைந்து விடை கொடுத்தனர். மடத்து வரலாற்றில் கும்பாபிடேகங்களும் பட்டமளிப்புக்களும் பொன்னெழுத்தாற் பொறிக்கப்படுகின்றன. எம் கருத்தில் அவற்றிற்கு ஒப்ப வைக்கத்தக்கது இந்த விடையே. வளர்த்தவர் விடாது பற்றியிருப்பின் மதிநுட்பமுடையவனும் அரண்மனைக் கிளியாகவே முடிவன்.

விடை கொடுத்த அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில், கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் காணச் சென்றனர். என்ன படித்துள்ளீர் என முதலியார் வினவ, ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகள், உலாக்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என அடுக்கிச் சென்றனர். முதலியார் முகத்தில் மலர்ச்சி தோன்றவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்பதே அவர் கேள்வி. அவை படிக்கப்படவில்லை. மடத்துக் கல்வியின் எல்லை இவ்வினாவால் வெளிப்பட்டது. அக்கல்வி ஆழமுடையது, ஆயின் ஒரு பக்கத்து வேலிக்கு அப்பால் நோக்காதது. அவ்வேலியை மடத்திற்குப் புறத்தேயிருந்த ஒருவர் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. முதலியார் சிந்தாமணிப் பிரதியையும் அளித்து உதவினர்.

பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அச்சேறின. சிந்தாமணியின் சமயப் பொருளை அறிதற்குக் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடினர் ஐயரவர்கள். அங்கே அந்நூல் வழிவழியாகப் பத்தியோடு படிக்கப்பட்டு வந்தது கண்டு வியந்தனர்.

ஈண்டுச் சைவ அன்பர் ஒருவர்க்கு ஓர் ஐயம் எழுதல் கூடும். அநபாய சோழன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்த காலத்து அவனை மீட்டுத் திருத்தொண்டர் வரலாற்றில் ஆற்றுப்படுத்தவே சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளினர் என்பது நம் மரபு. அச்சிந்தாமணியைச் சைவ மடத்தின் சோற்றை உண்டு வளர்ந்தவர் தேடிப் பதிப்பித்தல் தகுமோ? மடம் வளர்த்த அறிவு மடத்தின் சமயத்திற்கன்றோ பயன்படவேண்டும்?

இவ்வையத்தைப் புறக்கணித்தல் எளிது. விடை கூறுதலே முறை. நன்னூல் செய்தவர் சைனர். அதற்கு விருத்தியுரை கண்ட சங்கரநமச்சிவாயர் சைவர். அதனைத் திருத்தி விளக்கியவர் மாபாடியகாரராகிய சிவஞான யோகிகள். ஆக, சைவ மடங்களில் நெடுங்காலமாக மாணாக்கர் தமிழுக்கு வாயிலாகப் படித்தது ஒரு சைனர் நூலே. பெற்ற கடனைச் சிந்தாமணிப் பதிப்பால் மடம் ஒருவாறு திருப்பியது எனின் மிகையாகாது. அன்றியும், சேக்கிழார் காலத்திற் சிந்தாமணி அரசவையில் வாழ்ந்தது. ஐயரவர்கள் காலத்திலோ அது செல்லரித்துக் கொண்டிருந்தது. வாழ்வதனோடு வாதிடுதல் வேறு. அழிவதனைக் காத்தல் வேறு. சிவஞான சித்தியார் பரபக்கம் பிற சமயக் கொள்கைகளை முற்றும் எடுத்துரைத்தன்றோ மறுக்கின்றது? மறுத்தற்கும் நூல் இருத்தல் வேண்டும். சுப்பிரமணிய தேசிகர் இம்முயற்சியைத் தடுத்தாரல்லர். ஆதீனத்து ஏடுகள் ஐயரவர்களுக்குத் திறந்தே இருந்தன. சிந்தாமணி வெளிவந்த சில திங்களுக்குள் 1888-இன் தொடக்கத்தில் தேசிகர் பரிபூரணமடைந்தனர்.

நிற்க. இதுகாறும் சொல்லியவற்றால் மடத்துக் கல்வி குறைவிலா நிறைவு எனக் கொள்ளற்க. மாணாக்கர் உண்ட சோறு எங்கிருந்து வந்தது? ஆதீனத்து நன்செய்களிலிருந்து வந்தது. அந்நன்செய்களிற் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர் யாவர்? உழுகுடிகளும் பண்ணையாட்களும். அவர்கள் குடிசைகளிலும் உரைத்ததை விரைந்து கொள்ளும் பிள்ளைகள் பிறந்தே இருப்பர். பிறக்கவில்லை என்பார் இறைவன் படைப்பையே ஐயுறுபவராவர். அவருள் ஒருவரும் அவ்வேட்டறையின் வாயிலைக் கண்டதில்லை. வழிநடந்த தம்பிரான்மாரின் கூரிய கண்கள் விக்கிரமசிங்கபுரத்து இல்லத்தில் நின்றனவேயன்றி, அச்சேரிகளின் பக்கம் திரும்பவில்லை. பெண்மக்கள் நிலையும் அதுவே. வெண்பாப் பாடிய பிள்ளையைத் துறவியர் கொண்டு சென்றனர். பாட்டுக்குப் பொருளாய் அமுது படைத்த அன்னையார் போல்வார்க்கு எழுத்தாணி பிடிக்கக் கற்பித்தார் மடத்தில் இல்லை. பவணந்தியார் ஆறாவதாக வைத்த வாயில் அகலமுடையது. அதனைக் குறுக்கியவர் நாமே.

பலர்க்கும் கல்வி என்னும் வேறொரு வழியை அக்காலத்தே வகுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். 1822-இல் பிறந்த அவரும் இளமையிற் கூரிய மாணாக்கரே. மெதடிஸ்த மிசன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகிப் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்தில் உதவினர். பின் அப்பணியைத் துறந்து 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். 1849-இல் நாவலர் என்னும் பட்டம் அவர்க்கு அளித்தது திருவாவடுதுறை ஆதீனமே. ஆயினும் அவர் மடம் போல ஒரு சிலரைத் தெரிந்தெடுக்கவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை இருத்தினர். பாலபாடங்களை எழுதி அச்சிட்டனர். 1852-இல் பெரியபுராணத்தை உரைநடையாக்கினர். பாடசாலைக்கு நன்செய் இல்லை. இல்லந்தோறும் பெண்டிர் எடுத்து வைத்த பிடியரிசியும் அன்பர் பொருளுமே முதல். 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது. 1872-இல் அவர் தொடங்கிய சைவ ஆங்கில வித்தியாசாலை சில ஆண்டுகளிற் பொருளின்மையால் மூடப்பட்டது. பிடியரிசிக்கும் நன்செய்க்கும் உள்ள வேறுபாடு அதிற் புலனாயிற்று. நாவலர் வகுத்த வழியும் எல்லார்க்கும் திறந்த வழியன்று. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளை அவர் பாடசாலை ஏற்கவில்லை. பொதுக்கல்வி என்னும் சொல்லின் முழுப்பொருளை அவர் காலத்துச் சைவவுலகம் இன்னும் கைக்கொள்ளவில்லை என்பதை மறைத்து அவர் புகழைக் காத்தல் வேண்டா. அவர் புகழுக்கு அக்காவல் தேவையுமில்லை.

மடத்தின் முறையோ நாவலர் முறையோ சிறந்தது என வாதிடுவோர் உளர். அவ்வாதம் எமக்கு வெறும் வாதமாகவே தோன்றுகின்றது. பாலபாடம் படித்த ஆயிரம் பேர் இல்லையேல் புறநானூற்றை அச்சிட்டும் வாங்கிப் படிப்பார் யாவர்? ஏடு ஆராயவல்ல ஒருவர் இல்லையேல் அவ்வாயிரவர்க்கும் புறநானூறு கிடைத்தல் எங்ஙனம்?

ஐயரவர்கள் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தனர். அதன்பின்னும் தம் ஆசிரியர் போலவே இல்லத்தில் மாணாக்கரை வைத்துப் பொருள் பெறாது பாடஞ் சொல்லினர். எண்பதை அணுகிய முதுமையில், 1933, 1934-ஆம் ஆண்டுகளிற் பிள்ளையவர்கள் சரித்திரத்தை இரு பாகமாக வெளியிட்டனர். 1940-இல் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கினர். அது முற்றுப்பெறுமுன் 1942-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்களில் மறைந்தனர். அவர் பால் உடனிருந்து பயின்ற மாணாக்கராகிய கி. வா. சகந்நாதன், எஞ்சி நின்ற வரலாற்றை 'என் ஆசிரியப்பிரான்' என்னும் பெயரால் எழுதினர்.